பிள்ளை பாக்கிற இடத்துக்கும் லைசன்ஸ் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். விடிய ஆறு மணிக்கு கார்மென்ட்ஸ் பஸ் வந்திடும், அதுக்குள்ள ரெண்டரை வயசுப் பிள்ளையை எழுப்பி முகம் கழுவி எங்கயாவது விட்டிட்டுத்தான் ஓடவேணும், அம்மம்மா இருக்கிற வீடுகளுக்குப் பரவாயில்லை, எங்களைப்போல ஆக்கள் என்ன செய்யிறது?

போன மாசம் ஒரு இடம் பாக்கப் போனன். தகரக் கொட்டில், பதினெட்டுப் பிள்ளையள், பாக்கிறது ஒரே ஒரு அக்கா. பின்வளவில கட்டில்லாத கிணறு, மேல ரெண்டு பனைமட்டையைப் போட்டு மூடியிருக்கு. எனக்கு நெஞ்சு பதறிட்டுது. பதிவு இருக்கோ எண்டு கேட்டன், "இதுக்கெல்லாம் ஆர் தங்கச்சி பதிவு பாக்கினம்" எண்டா. அவவில பிழையில்லை, எந்தக் கந்தோருக்குப் போய் என்ன ஃபோம் நிரப்பிறதெண்டு ஒருதரும் அவவுக்குச் சொல்லேல்லை.

சாப்பாட்டுக்கடை போட்டா பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து தண்ணி, கக்கூஸ் எல்லாம் பாக்கிறார். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1998லயே சட்டம் வந்திட்டுது, 1929 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சா முறைப்பாடு எடுப்பினம், ஆனா அது ஏதும் நடந்தாப் பிறகுதானே ஐயா. பிள்ளையை விடமுதல் கிணறு, ஆள் கணக்கு, பாக்கிறவையின்ர பொலிஸ் ரிப்போட், முதலுதவிப் பயிற்சி எல்லாம் பாத்து லைசன்ஸ் நம்பரை வாசல்ல ஒட்டவேணும். அதுக்காக உடன மூடச் சொல்லாதேங்கோ, மூடினா அந்தப் பதினெட்டும் எங்க போறது? தவணை குடுங்கோ, கிணத்துக்குக் கட்டுக் கட்ட உதவுங்கோ.

வேலைக்குப் போற ஒரு தாய்,
கிளிநொச்சி