கடற்கரைச் சாலையில் எனக்காகக் காத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரிலிருந்து கிளேர் மாவட்டக் கடற்கரை வழியாக மோஹர் பாறைமுகடு வரை சென்று திரும்பினேன். அந்தப் பயணத்தில் எனக்கு உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருப்பேன். தெரியாத காரணத்தால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாக லூபஸ் நோய் உள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய்த்தடுப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய் அது. மூட்டு வலியைவிட, உறங்கி எழுந்தாலும் தீராத அயர்ச்சியே என்னை அதிகம் வாட்டுகிறது. வெயில் ஆகாது, மேகத்தையும் கடந்து புற ஊதாக் கதிர்கள் வரும் என்பதால், குடையை மறக்க முடியாத அயர்லாந்தில் நான் அகன்ற விளிம்புத் தொப்பியோடு திரிந்து எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன். குளிரும் ஆகாது, குளிர்காற்று பட்டால் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து எரியும். சென்ற ஆண்டு ஒரு சுற்றுலாப் பேருந்தில் இதே சாலையில் சென்றேன். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று விரட்டப்பட்டு வீடு திரும்பியவள் நான்கு நாட்கள் படுக்கையை விட்டு எழவில்லை. கண்ட காட்சிகளில் ஒன்றும் நினைவில் நிற்கவுமில்லை.

ஆகவே என் முதல் நன்றி, மூட்டுவாதச் சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்கு உரியது. கடற்கரைக்குப் போக வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் தடுக்கவும் இல்லை, "தைரியமாகப் போய் வாருங்கள்" என்று வெறுமனே முதுகில் தட்டவும் இல்லை. களைத்த பிறகு ஓய்வெடுப்பது காலம் கடந்த செயல் என்றும், களைக்கும் முன்பே ஓய்வெடுக்க வேண்டும் என்றும், முந்தைய நாளையும் மறுநாளையும் பயணக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்றும் தொலைபேசியில் அரைமணி நேரம் விளக்கினார். அந்த மறுநாளை, அதாவது திங்கட்கிழமை வேலையை, காரணம் கேட்காமல் தம் தோளில் ஏற்றுக்கொண்ட அலுவலகத் தோழிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

காரை ஓட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். பச்சை நிற அஞ்சல் வண்டியில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் பல ஆண்டுகள் சுற்றியவர் ஆதலால், எந்த வளைவில் வண்டியை ஒதுக்கி நிறுத்த இடம் உண்டு, எந்தக் கழிப்பறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பன அவருக்கு மனப்பாடம். நேரே ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தொலைவுக்கு நாங்கள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிக்கொண்டே சென்ற அவர், ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கின்வாராவில் கடலோரம் நிற்கும் டன்குவேர் கோட்டையைக் காரில் இருந்தபடியே பார்த்தேன். பாலிவாகனில் ஒரு தேநீர்க் கடையின் உரிமையாளர், கணப்பருகே இருந்த நீள்சாய்விருக்கையில் முக்கால் மணி நேரம் நான் கண்மூடிப் படுத்திருக்க இடம் தந்தார். ஞாயிறு நண்பகலில், மேசைக்கு ஆட்கள் காத்திருக்கும் வேளையில், ஒரு கோப்பைத் தேநீருக்காக அவ்வளவு இடத்தை விட்டுக்கொடுப்பது ஒரு கடைக்காரருக்கு எளிதல்ல என்பதை நான் அறிவேன்.

அதன் பிறகுதான் பரன் நிலப்பகுதி. ஐரிஷ் மொழியில் அப்பெயருக்குக் கல் நிறைந்த இடம் என்பது பொருள். குன்று முழுவதும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை பாளம் பாளமாகப் பிளந்து கிடந்து, பிளாக் ஹெட் முனையில் அப்படியே அட்லாண்டிக்கில் இறங்குகிறது. "ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரும், தூக்கிலிட மரமும், புதைக்க மண்ணும் இல்லாத நாடு" என்று 1651ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த குரோம்வெல் படையின் தளபதி லட்லோ இதைப் பற்றிக் குறித்தாராம். அதைச் சொல்லிவிட்டு, "ஆனால் உட்காருவதற்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை" என்று சேர்த்துக்கொண்ட தபால்காரர், கலங்கரை விளக்கத்துக்குச் சற்று முன்னால் வண்டியை ஒதுக்கினார். பாறைப் பிளவுகளில் ஈரமும் காற்றுத் தடுப்பும் கிடைப்பதால், ஆல்ப்ஸ் மலைச் செடிகளும் மத்தியதரைக் கடல் நாட்டுச் செடிகளும் இங்கே அருகருகே வளர்கின்றன. வசந்த கால ஜென்ஷன் மலரை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குக் குன்றேற வேண்டும் என்று எண்ணிக் கைவிட்டிருந்தேன். கார்க் கதவிலிருந்து நான்கு அடி தள்ளி, பருவம் முடியும் தறுவாயில் மூன்றே மூன்று பூக்கள் இருந்தன. ஐந்து இதழ்களும் சேர்ந்து என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. அந்த நீலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த இடத்தை அவர் முந்தைய வாரமே தனியாக வந்து பார்த்து வைத்திருந்தார் என்பது திரும்பும் வழியில்தான் எனக்குத் தெரிந்தது. ஐயா, அதற்கு அன்று என்னால் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

மோஹரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பார்வையாளர் மைய ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். 214 மீட்டர் உயரத்தில் முகடு உச்சம் தொடும் இடத்தருகே, 1835இல் கட்டப்பட்ட ஓ'பிரையன் கோபுரம் வரை நான் போகவில்லை. முதல் பார்வை மேடையோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே ஒரு சிறுவன் தன் தொலைநோக்கியைக் கொடுத்து, கீழே பாறைச் சரிவில் இருந்த பஃபின் பறவைகளைக் காட்டினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மேலே போகாமல் திரும்புவதா என்று அன்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நோயாளிகளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பழகியது என்பது நோயாளிகளுக்குத்தான் தெரியும்.

இறுதியாக, ஃபனோர் கடற்கரையில் கண்ட பெண்மணிக்கு. பிளாக் ஹெட்டைக் கடந்த பின் மணலில் சிறிது நடக்கலாம் என்று இறங்கினேன். நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், காற்று மாறி விரல்கள் மெழுகுபோல வெளுத்துவிட்டன. நீங்கள் அப்போதுதான் கடலில் நீந்திவிட்டு, ஈரத் தலையோடு, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். என் கைகளைப் பார்த்துவிட்டு, என்ன நோய் என்று விசாரிக்காமல் அந்தக் கோப்பையை என் இரு கைகளுக்கும் நடுவில் வைத்தீர்கள். விரல்களில் நிறம் திரும்பும்வரை அருகில் நின்று, கடல் எவ்வளவு குளிராக இருந்தது என்று உங்கள் கதையையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு உங்கள் சிவப்புக் கம்பளிக் கையுறைகளை என் மடியில் வைத்துவிட்டு, நான் பெயர் கேட்பதற்குள் காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

அக்கையுறைகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். வலது கட்டைவிரலில் பிரிந்திருந்த தையலையும் என் விரல்கள் ஒத்துழைத்த ஒரு மாலையில் சரிசெய்துவிட்டேன். அடுத்த மாதம் தபால்காரர் அந்தப் பக்கம் போகும்போது பாலிவாகன் தேநீர்க் கடையில் கொடுத்துவிடுவார். கணப்புக்கு மேலுள்ள தட்டில் அவை உங்களுக்காக இருக்கும்.

நன்றியுடன்,
அகன்ற தொப்பி அணிந்த உங்கள் பயணி
கால்வே