உன் புது ஆபீஸ் பற்றி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை ஒருவழியாகக் கட்டுக்குள் இருக்கிறது.

கணபதியில் பட்டறையை ஒட்டிய உன் அறையை விட்டு, அவிநாசி ரோட்டுக்கு ஆபீஸை மாற்றப் போகிறாயாமே. பட்டறையில் இருந்தால் சில்லறை விவகாரமெல்லாம் உன் மேஜைக்கே வருகிறது என்கிறாய். 2001-ல் விமானம் தயாரிக்கும் போயிங் கம்பெனியின் தலைவர் ஃபில் காண்டிட்டும் இதையேதான் சொன்னார். தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் அன்றாட வேலை இழுத்துக்கொள்ளும் என்று, தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டுபோனார். விமானம் செய்கிறவர்கள் சியாட்டில் பக்கமே இருந்தார்கள். முடிவெடுப்பவர்கள் கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள்.

அப்புறம் போயிங்கின் 737 மேக்ஸ் விமானம். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒன்று விழுந்தது, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் ஒன்று. 346 உயிர். மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பியிருந்தது. ஆபீஸ் மாறியதால்தான் விமானம் விழுந்தது என்றால் நீ சிரிப்பாய். ஏர்பஸ்ஸோடு போட்டி, அவசரம், விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படவே கூடாதென்ற பிடிவாதம் எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு மறக்காதது எட் பியர்சன் விஷயம். சியாட்டில் பக்கம், 737 செய்கிற ரென்டன் தொழிற்சாலையில் மேலாளர். முதல் விபத்துக்கு நாலு மாதம் முன்பே, ஆட்கள் களைத்துப்போய்விட்டார்கள், உற்பத்தி லைனைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மேலே எழுதினார். மாதம் 47 விமானத்தை 52 ஆக்கிக்கொண்டிருந்த நேரம், யார் நிறுத்துவார்கள்? அவர் சொன்ன குறை வேறு, விபத்துக் காரணம் வேறு என்றே வைத்துக்கொள். சொன்னது காதில் ஏறவில்லை, அதுதான் விஷயம்.

உன் ஃபோர்மேன் இன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இந்த வார்ப்பு சரியில்லைங்க, அனுப்ப வேண்டாம்" என்கிறார். அவிநாசி ரோட்டுக்கு பஸ் ஏறி வந்து சொல்வாரா? மேனேஜரிடம் சொல்வார். அவர் உன் முகத்தைப் பார்த்து, நல்ல நேரமாகப் பார்த்துச் சொல்வார். அதற்குள் லாரி போய்விடும்.

சில்லறைத் தொல்லை குறைய வேண்டுமென்றால் லீவு, அட்வான்ஸ், டீசல் பில் எல்லாவற்றுக்கும் நீயே கையெழுத்துப் போடுவதை விடு. இதைச் சொன்னால் மட்டும் உனக்குக் கோபம் வரும்.

புது இடமே வேண்டாம் என்றில்லை. ஏற்றுமதிக்காரர்கள் வந்தால் உட்கார வைக்க வேண்டுமே. கணக்கும் விற்பனையும் அங்கே போகட்டும், உன் மேஜை பட்டறையிலேயே கிடக்கட்டும். அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா, இல்லையா? அதை எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்