சேஃப்டியை வீட்டில் ராவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெக்சஸில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கி வாங்குவது பற்றி உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வாங்கிய பிறகு சிலர் வீடியோவைப் பார்த்துவிட்டு, தபாலில் சேஃப்டி (துப்பாக்கி தவறி வெடிக்காதபடி தடுக்கிற சின்ன லீவர்) பாகங்களை வரவழைத்து, சாப்பாட்டு மேசையிலேயே ராவி மாட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே ரொம்பப் பேர் வைத்திருப்பது 1911 பிஸ்டல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்டது, இன்றும் பல கம்பெனிகள் செய்கின்றன. அதன் கட்டைவிரல் சேஃப்டிக்கு உள்பக்கம் சின்னதாக ஒரு முனை இருக்கும். விழுந்து அடித்துத் தோட்டாவை வெடிக்க வைப்பது ஹேமர். அதைப் பிடித்து நிறுத்துகிற சியர் என்ற பாகம் அசையாதபடி முட்டுக்கொடுப்பது அந்த முனைதான். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவு இம்மி மாறும் என்பதால், கடையில் விற்கிற பாகத்தில் அதை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக விட்டிருப்பார்கள், அரம் போட்டுத்தான் பொருத்த வேண்டும். ஓர் இழுப்பு கூடுதலாக ராவிவிட்டால் போச்சு.

கெட்டுப்போனது கண்ணுக்கும் தெரியாது. லீவர் டக்கென்று உட்காரும், விசையை இழுத்தால் ஹேமர் விழாது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். தெரிந்தவர் ஒருவர் இப்படி மாட்டியிருந்த துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். அப்புறம் ஹேமரை விரலால் லேசாகப் பின்னுக்கு இழுத்தபோது 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம். விசையை அழுத்தியபோது சியர் கொஞ்சம் நழுவியிருக்கிறது, இப்போது தன் இடத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். இப்படியே விட்டால் ஒருநாள், விசையில் விரலே இல்லாதபோது, சேஃப்டியை எடுக்கிற அந்த நொடியில் ஹேமர் விழலாம். அவர் கெட்டிக்காரர், சாஃப்ட்வேரில் பெரிய வேலையில் இருப்பவர். ஆனால் அவர் பார்த்த வீடியோவில் இந்தச் சோதனையே இல்லை!

அமெரிக்காவில் இதைக் கேட்க ஆளும் இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கியில் குறை என்றால் கேட்கலாம், நிஜத் துப்பாக்கியில் கை வைக்க முடியாது. காரின் பிரேக்கில் கோளாறு என்றால் திரும்பப் பெறும்படி அரசு கட்டாயப்படுத்தலாம், துப்பாக்கிக்குக் கம்பெனியே மனசு வைத்தால்தான் உண்டு. சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று 2017-இல் தெரியவந்தபோதும், விருப்பப்பட்டவர்கள் அனுப்பி மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம்தான் வந்தது.

ஆனால் நல்ல வழியும் கண்முன்னே இருக்கிறது. ரூகர் கம்பெனி 1973-க்கு முன்பு செய்த தன் பழைய ரிவால்வர்களுக்கு, ஹேமரில் அடிபட்டாலும் வெடிக்காதபடி புதிய பாகங்களை இலவசமாகப் போட்டுத் தருகிறது. கழற்றிய பழைய பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. புதிய பாகங்களை மட்டும் தனியாகத் தருவதில்லை, துப்பாக்கியை அனுப்பினால் தொழிற்சாலையில்தான் மாட்டுவார்கள். தன் பொருளை நன்றாகத் தெரிந்த கம்பெனியே இந்த வேலையை வாடிக்கையாளர் கையில் விடவில்லை என்பதை நம்மவர்கள் யோசிக்க வேண்டும். இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது.

பாகம் விற்கிறவர்கள் 'ராவாமலே மாட்டலாம்' என்று போட்டு விற்பதை நிறுத்தட்டும், அல்லது நான் சொன்ன சோதனையையாவது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும். ஏற்கெனவே வீட்டில் மாட்டியவர்கள் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை உரிமம் பெற்ற பட்டறைக்கு இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டல்லாஸ்