எனக்கு மட்டும் கஞ்சி

அக்கா,

வருகிற சனிக்கிழமையோடு உன் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஏழாம் நாள் பூசைக்கு ஏன் வரவில்லை என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காம்பினாஸிலிருந்து சாவோ பாவ்லோ சுமார் 100 கிலோமீட்டர்தான். பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போனையும் நீ எடுப்பதில்லை. இங்கே எழுதினால் படிப்பாய். சித்தப்பாவும் படிப்பார் என்பதால் சில இடங்களில் அளந்து பேசுகிறேன்.

நேற்று ஃபெய்ஜோவாடா செய்தேன், பீன்ஸும் கறியும் சேர்த்து வேகவைக்கும் இந்த பிரேசில் சாப்பாடு. கறுப்பு பீன்ஸ் அரைக் கிலோ, பன்றி விலா, வால், காது, புகையூட்டிய சாசேஜ் இரண்டு வகை, உப்புக்கண்டம். எல்லாம் சாவோ பாவ்லோவின் பெரிய சந்தையான மெர்காடாவுக்குப் பக்கத்துத் தானியக் கடைகளில் வாங்கியது. ஆமாம், போன வாரம் உன் ஊருக்கு வந்துவிட்டு உன் வீட்டுக்கு வராமல் திரும்பினேன். அந்த உப்புக்கண்டம் எதன் கறி என்று கேட்கிறவர்களுக்கு, ஆட்டுக்கறி. அம்மாவிடமும் ஆறு வருடமாக அதையேதான் சொல்கிறேன். யாருக்காக என்று உனக்குத் தெரியும்.

அந்த முதல் சனிக்கிழமையை மறக்க முடியவில்லை. உன் மாமியார் பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, முழுக் காதைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தமிழில் சொன்னேன்: "கழிச்சுப் போட்டதையெல்லாம் என் தட்டுலதான் போடணுமா?" மேஜையே உன் முகத்தைப் பார்த்தது. நீ கண்ணிமைக்காமல் போர்த்துக்கீசில் சொன்னாய்: "அவனுக்கு வயிறு சரியில்லையாம்."

அந்தம்மா தன் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கோழி போட்டுக் கான்ஜா வைத்துக்கொண்டு வந்தார். அது நம் கஞ்சிதான். மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் எடுத்துப்போன அதே சொல். அவர் சோறு ஆறிப்போயிருந்தது. நான் தலை நிமிராமல் குடித்தேன்.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. எஜமானர்கள் எறிந்த காதையும் காலையும் அடிமைகள் பீன்ஸோடு வேகவைத்ததுதான் இந்த உணவு என்று அதற்கு முந்தின வாரம்தான் ஆபீசில் ஒருவர் கதை சொல்லியிருந்தார். நம் ஊரில் யார் தட்டில் எது விழுகிறது என்பதற்கு அர்த்தம் உண்டு. அது உனக்குத் தெரியாததில்லை, இங்கே விரிக்கவும் வேண்டாம். அந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை என்று பிறகுதான் படித்தேன். காதும் காலும் போர்த்துக்கீசியர் விரும்பித் தின்றவை. பீன்ஸோடு கறி சேர்த்து வேகவைப்பதும் அவர்கள் பழக்கம். 1833இலேயே இங்கே வடக்கே ரெசிஃபி நகரில் ஒரு ஓட்டல் இதைச் செய்தித்தாளில் விளம்பரம் செய்திருக்கிறது. இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் தின்றிருப்பேனா? மாட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் நீ சொன்ன பொய்க்கு யார் மன்னிப்புக் கேட்பது? கடைசிவரை அந்தம்மா என்னை வயிற்று நோயாளி என்றே நம்பினார். ஆறு வருடம், எத்தனை சனிக்கிழமை! மற்றவர்களுக்கெல்லாம் ஃபெய்ஜோவாடா, எனக்குக் கஞ்சி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. சிரித்துக்கொண்டு பார்த்தாய். பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் யாராவது "இவருக்குக் கான்ஜா எங்கே?" என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் வரவில்லை. அல்லது கேட்க ஆளே இருக்காதே என்று.

நேற்று உப்பு கரித்தது. உப்புக்கண்டத்தை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து நாலைந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டும். நான் இரண்டு முறையோடு விட்டுவிட்டேன். பூண்டும் வெங்காயமும் வதக்கி, அதிலேயே ஒரு கரண்டி பீன்ஸை மசித்துப் பானையில் திருப்பிக் கொட்டுவாரே, நாம் தாளித்துக் கொட்டுகிற மாதிரி, அது மட்டும் நன்றாக வந்தது. குழம்பு சட்டென்று கெட்டியானது. கோவ் கீரையை நூல் மாதிரி நறுக்க என்னால் முடியவில்லை. மரவள்ளி மாவை வெண்ணெயில் வறுக்கும்போது பாதி கருகிவிட்டது.

காதைக் கடைசியில் எடுத்தேன். குருத்தெலும்பு நறநறவென்றது. பிடிக்கவில்லை, அக்கா. முழுக்கத் தின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். பானைக்குள் ஆரஞ்சு போடுவாரே, தோலோடா, உரித்தா? பக்கத்தில் நின்றவள் நீதான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். கஞ்சி வைக்காதே. வைத்தால் கொஞ்சமாக வை.