கிணற்றுச் சுவரில் எழுதிய எண் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆய்வு என்றார்கள். கிணற்றில் வாளியைப் போட்டுத் தண்ணீர் மொண்டு பாட்டிலில் அடைத்தார்கள், கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு எண் எழுதினார்கள், அப்புறம் என் மனைவியைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார்கள். என்ன சாப்பிடுவீங்க, மீன் எத்தனை நாள், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, தைராய்டு மாத்திரை யாராவது சாப்பிடுறீங்களா என்று பக்கம் பக்கமாகக் கேட்டு முடிப்பதற்குள் அடுப்பில் கிடந்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) குழைந்து போய்விட்டது. சரி, படிக்கிற பிள்ளைகள்தானே என்று சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினோம். ரிசல்ட் வந்ததும் சொல்கிறோம் சார் என்றது அதில் ஒரு பெண். இன்றுவரை யாரும் வரவில்லை. அந்தச் சிவப்பு எண் மட்டும் வெளிறிப் போய் இன்னும் இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உங்கள் பேப்பர்தான். நாலைந்து வரியில் ஒரு கட்டம் கட்டி 'ஆய்வில் தகவல்' என்று அடிக்கடி போடுகிறீர்கள். காபி குடித்தால் ஆயுள் கூடும் என்று ஒரு வாரம் வரும், காபி குடித்தால் தூக்கம் கெடும் என்று இன்னொரு வாரம் வரும். செய்தது யார், எந்த ஊரில், எத்தனை பேரிடம், மனிதனிடமா எலியிடமா, ஒன்றும் இருக்காது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் என்பதால் எனக்கு இதைப் படித்தால் கை சும்மா இருக்காது, பேனாவை எடுத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பேன். யாருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை என்று இப்போதுதான் புத்தி வந்தது.

எங்கேயோ நடக்கிற காபி ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணையும் மனிதரையும் வைத்து நடந்த ஆய்வுகளுக்கு இடம் இல்லை. அதுதான் என் வருத்தம்.

நெய்யூரையே எடுத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்கிற டாக்டர் 1920களில் அங்கே வந்து பல வருடம் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்தார் என்பது நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரியும், அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள்கூட உண்டு. ஆனால் அதே நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஓர் (Orr) என்று ஒரு சர்ஜன் இருந்தாரே, அவரை யாருக்குத் தெரியும்? வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி, தன்னிடம் வந்த திருவிதாங்கூர் நோயாளிகளை வைத்து, 1933இல் லண்டனில் வெளிவரும் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லுகிற புகையிலைதான் அவர் முக்கியமாகச் சந்தேகப்பட்ட ஆள். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, வந்தவரிடம் கேட்டு, வாயைப் பார்த்து, எழுதி வைத்ததுதான். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை 2004இல்தான் வந்தது, எழுபது வருடம் கழித்து. எங்கள் பாட்டா நெய்யூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு சாகிற வரைக்கும் வெற்றிலைச் செல்லத்தை மடியை விட்டு இறக்கவில்லை. லண்டனில் உள்ளவன் படித்துவிட்டான், நெய்யூரில் உள்ளவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த வயிற்றுப் புண் கதையும் பாதியில் நிற்கக் கூடாது. காரசாரம், பட்டினி, கவலை என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்த நோய்க்கு ஒரு பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரண்டு பேர் 1980களில் காட்டினார்கள், அதற்கு 2005இல் நோபல் கிடைத்தது. இன்று அதே புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரை போதும், கத்தி வேண்டாம்.

அடுத்து மணல். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார், அதுவும் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. மோனசைட்டில் தோரியம், தோரியத்தில் கதிர்வீச்சு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு கட்சிதான். ஒன்று, இந்த மண்ணால்தான் எல்லாருக்கும் கேன்சர். இன்னொன்று, எல்லாம் கட்டுக்கதை. கிள்ளியூர் தாலுகாவில் மணல் எடுக்கிற திட்டம் பேச்சுக்கு வந்தபிறகு இரண்டு கட்சியும் இன்னும் சத்தமாகப் பேசுகின்றன. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்து, கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, யார் யாருக்குப் புற்று வந்தது என்று கணக்கு வைத்தார்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து வருகிற இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள வீடுகளில் புற்று கூடுதலாக இருப்பதாக அவர்கள் கணக்கில் தெரியவில்லை.

இதைச் சொன்னால் என்னை மணல் கம்பெனி ஆள் என்பார்கள், பரவாயில்லை. அந்த ஆய்வு சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அது இயற்கையாகக் கிடக்கிற மணலைப் பற்றியது. மணலைத் தோண்டி, சலித்து, தூசி பறக்கவிட்டு, கழிவைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. கடற்கரை அரிப்புக்கும் அதில் பதில் கிடையாது. இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் அந்தக் கேள்வியே வேறு தரத்தில் இருக்கும். பக்கத்து மாநிலத்தில் இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கிறது, மணவாளக்குறிச்சிக்காரனுக்கு அதைத் தமிழில் பத்து வரி எழுதித் தந்தவர் யார்? நானே ரிட்டயர்டு ஆன பிறகு, மருமகன் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்துத்தான் படித்தேன்.

மரச்சீனிக்கும் ஒரு கதை இருக்கிறது. சின்ன வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, சர்க்கரை நோயும் சேர்ந்து வந்து, ஆள் எலும்பும் தோலுமாகப் போகிற ஒரு நோயைக் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் போன்றவர்கள் நிறையப் பார்த்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஏழைகள், மரச்சீனி தின்பவர்கள், மரச்சீனியில் சயனைடு உண்டு. ஆகவே பழி அதன் மேல் விழுந்தது. பிறகு மரச்சீனி தின்னாத இடங்களிலும் இந்த நோய் இருப்பது தெரிந்தது, 2000க்குப் பிறகு நோயாளிகள் பலரிடம் ஒரு மரபணு மாற்றத்தையும் கண்டார்கள். மரச்சீனி தப்பித்தது. அதற்காகப் பச்சையாகக் கடிக்க வேண்டாம், வேக வைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிற நம் அம்மாமார் பழக்கம் சயனைடுக்குச் சரியான வைத்தியம்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, டாக்டர்கள் தங்கள் சந்தேகத்தைத் தாங்களே பிறகு திருத்திக்கொண்டதுதான். ஆனால் பேப்பரில் பழி போடுகிற செய்திக்குக் கிடைக்கிற இடம், பழி நீங்கின செய்திக்குக் கிடைப்பதில்லை.

தென்னை வேர் வாடல் நோயைப் பற்றி எழுதினால் நீளும். 1882இலேயே கேரளத்தில் கவனிக்கப்பட்ட நோய்க்குக் காரணமான கிருமியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க நூறு வருடம் ஆனது என்பதோடு நிறுத்துகிறேன். என் வீட்டிலும் இரண்டு தென்னை அப்படித்தான் போனது. திருப்பதிசாரத்தில் நெல் ரகம், பேச்சிப்பாறையில் தோட்டப்பயிர் என்று வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்கிற வேலை மட்டும் விவசாயிக்கு ஓரளவு வந்து சேர்கிறது. விதையாகவும் கன்றாகவும் கையில் வருகிறது, அதுதான் காரணம்.

ஆய்வுக்கு உதவியவனுக்கு ஏதாவது திரும்பி வர வேண்டும் என்பதற்கு நம் மலையிலேயே உதாரணம் உண்டு. 1987இல் அகத்தியமலையில் செடி தேடிப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்க நடந்தார்களாம், வழிகாட்டப் போன காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறினார்களாம். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானி தலைமையில் திருவனந்தபுரம் தாவரவியல் தோட்டத்தில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்து, 1995இல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள். வந்த உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, அவர்களுக்காக 1997இல் ஒரு டிரஸ்ட் பதிவானது. பின்னால் அதில் ஆயிரம் சிக்கல் வந்தது, அது வேறு கதை. ஆனாலும் சொன்னவனுக்குப் பங்கு என்று ஒரு தடவையாவது செய்து காட்டினார்கள். நாங்கள் பங்கு கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்று சொன்னால் போதும்.

நான் வாத்தியார் என்பதால் பள்ளிக்கூடத்தை விட முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதல் இடம் நம் மாவட்டத்துக்கு, அதைச் சொல்லாத மேடை இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது அந்தப் பெருமை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு உதவவில்லை, நாலாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறியதை நான் கண்ணால் பார்த்தேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து முரளிதரன் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அப்படி மீண்டதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் காரணம் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு பெண் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் சாயங்காலம் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வகுப்பை நடத்தினாள். இந்தக் கணக்கை அவளிடம் சொன்னபோது, "சார், இது எங்களப் பத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இனி நான் கேட்பது. மருத்துவ ஆய்வுக்கு ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்னால் அவருக்குப் புரிகிற மொழியில் விவரம் எழுதித் தர வேண்டும் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறை இருக்கிறது. வரும்போது தமிழ், முடிந்தபிறகு ஆங்கிலம் என்றால் எப்படி? நம் பல்கலைக்கழக பிஹெச்டி ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, அறிவியல் பக்கம் அநேகமாக எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு ஆய்வேட்டோடும் தமிழில் ஒரே ஒரு பக்கம், எந்த ஊரில் செய்தோம், என்ன கண்டோம், எது இன்னும் தெரியவில்லை என்று எழுதி, அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒட்டச் சொல்லலாம். வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டால் முடிந்தது, பெரிய செலவு எதுவும் இல்லை.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. நாகர்கோவில் பதிப்பில் வாரம் ஒரு நாள் கால் பக்கம். நம் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வு, பழசானாலும் பரவாயில்லை, யார், எங்கே, எத்தனை பேரிடம் என்ற விவரத்தோடு. தூத்தூர் பக்கத்து மீனவரிடம் ஒக்கி புயலுக்குப் பிறகு எத்தனை பேர் வந்து பேட்டி எடுத்துப் போனார்கள் என்று கேட்டாலே பல வாரத்துக்குச் சரக்கு கிடைக்கும். ஆங்கிலத்திலிருந்து எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம், பைசா வேண்டாம். எனக்குக் கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதை இந்த மாதமே மாற்றிவிடுகிறேன்.

அந்த நாலு பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், வீடு மாறவில்லை, எண் அழியவில்லை. என் மனைவி தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது என்பதையும் உங்கள் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
குளச்சல் அருகிலிருந்து