அழகுக் குறிப்பில் அளவும் நேரமும் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரியில் 22 ஆண்டுகளாக நாட்டு மருந்துக் கடை நடத்திவருகிறேன். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் ஞாயிறுதோறும் வெளிவரும் வீட்டு அழகுக் குறிப்புகளை நான் படிக்கத் தவறினாலும், திங்கட்கிழமை காலையில் அவை என் கடைக்கே வந்துவிடும். அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டோ, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டோ கல்லூரி மாணவிகளும் அவர்களுடைய தாய்மார்களும் வந்து நிற்பார்கள். எனவே தங்கள் பக்கத்தால் என் கல்லாவுக்கு வரவே தவிர இழப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த சித்திரையில் வந்த குறிப்பு ஒன்று, எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைக் கலந்து, பிழிந்த மூடியாலேயே கழுத்திலும் கைகளிலும் தேய்த்து ஊறவிட்டால் கருமை நீங்கும் என்றது. எவ்வளவு நேரம், எந்த வேளையில், அதன் பிறகு வெயிலில் போகலாமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதைப் படித்த மாணவி ஒருத்தி காலை எட்டு மணிக்குத் தேய்த்துக்கொண்டு, அரைகுறையாகக் கழுவிவிட்டு, ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு வழிந்த தடம் அப்படியே சிவந்து, அதன் மேல் வரிசையாகக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. "அக்கா, இதுக்குக் கஸ்தூரி மஞ்சள் போட்டா சரியாப் போகுமா?" என்று கேட்டாள். மேற்கொண்டு எதையும் பூச வேண்டாம் என்று சொல்லித் தோல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். கொப்புளம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. பழுப்புத் தழும்போ ஆடி மாதம் வரை மறையவில்லை. கருமையை நீக்கப் போய்க் கருமையை வாங்கிக்கொண்ட கதை இது.

எலுமிச்சையில் சோரலென் வகையைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. அவை தோலில் படிந்திருக்கும்போது சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால், அவ்விடம் தீப்பட்டதுபோல் வெந்துவிடும். ஒன்றிரண்டு நாள் கழித்தே கொப்புளம் தெரியும் என்பதால் பலர் காரணத்தை எலுமிச்சையோடு சேர்த்து நினைப்பதேயில்லை. இந்தப் பொருள்கள் சாற்றைவிடப் பழத்தின் தோலில் பல மடங்கு அதிகம். மூடியால் தேய்க்கச் சொன்ன குறிப்பு எதை எங்கே தேய்க்கச் சொன்னது என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

சமையலறையில் இருப்பதெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்கப் போகிறவர்களைக் கேட்டால், காம்பு முறியும்போது வடியும் பால் தோலில் பட்டால் எப்படிப் புண்ணாகும் என்று தங்கள் கைகளையே காட்டுவார்கள். தின்னும் மாங்காயின் பால்தான் அது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் நாம் வாயில் போடும் பொருள்கள்தாம். ஆனால் நம் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற பி.எச். அளவில் இலேசான அமிலத்தன்மையோடு இருக்க, எலுமிச்சைச் சாறோ 2-ஐ ஒட்டி நிற்கிறது. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதால், மூன்று எண் இறங்குவது ஆயிரம் மடங்கு. சமையல் சோடாவோ 8-க்கு மேல் சென்று எதிர்த்திசையில் தோலை வறளச் செய்கிறது. இரண்டையும் கலந்தால் நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போவதாக மகிழ்கிறோம். அங்கே போவது கரியமில வாயு மட்டுமே.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் கடையில் அதிகம் விற்பதும், அதிகம் ஏமாற்றுக்கு உள்ளாவதும் அதுதான். அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மஞ்சள் விளைகிற மாவட்டம் எங்களுடையது. அப்படியிருந்தும் முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் எது என்று பலருக்கும் அடையாளம் தெரிவதில்லை. அசல் கஸ்தூரி மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிறிய நிறமாக இருக்கும். மூக்கருகில் கொண்டுபோனால் கற்பூரம் கலந்த வாசனை வரும். சமையல் மஞ்சளைப்போல் கையில் கறை பிடிக்காது. பளீரென்ற மஞ்சள் நிறத்தில், வாசனையே இல்லாமல் பொட்டலத்தில் வருகிற தூளை நான் நம்புவதில்லை. நிறம் ஏற்றுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட்டைக் கலப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்றாலும் கலப்படக்காரர்கள் அதைக் கைவிட்டபாடில்லை. ஈயம் உடலுக்கு நஞ்சு, குரோமேட் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஆகவே, கிழங்காக வாங்கி, உடைத்துப் பார்த்து, வீட்டிலேயே இடித்துக்கொள்ளும்படி சொல்கிறேன். இதைச் சொல்வதால் தூள் விற்பனை குறைகிறது என்று என் கணவர் முணுமுணுப்பது வேறு விஷயம்.

வீட்டுப் பக்குவமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். போர்க்குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையால் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சோப்பு நுரைப்பதில்லை. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்து, தோலில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தருகிறது. பச்சைப்பயற்று மாவும் சீயக்காயும் அப்படித் திரிவதில்லை என்பதால், இந்தத் தண்ணீருக்கு அவையே ஏற்றவை. பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த சிவப்பழகுக் களிம்புகளுக்கு அஞ்சிப் பெண்கள் வீட்டு வழிக்குத் திரும்புவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நலங்கு மாவு இடித்த பெரியவர்கள் பொருளோடு சேர்த்து முறையையும் வைத்திருந்தார்கள். தேய்த்த மாவை அப்போதே கழுவிவிடுவார்கள். முகத்தில் காயவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த மாவில் சேரும் கார்போகரிசி என்ற விதையிலும் எலுமிச்சையில் உள்ள அதே சோரலென் வகைப் பொருள்கள் இருக்கின்றன. வெண்புள்ளிகளுக்கு மருந்தாக அதைப் பயன்படுத்துவதும் வெயிலோடு அது வினைபுரிவதால்தான். குளித்துக் கழுவும் மாவில் சிறிதளவு இருப்பது ஒன்று. அதையே தயிரில் குழைத்து அரைமணி நேரம் பூசிவைத்துவிட்டு வெயிலில் இறங்குவது முற்றிலும் வேறு.

கற்றாழையிலும் இதே கதைதான். மடலை வெட்டி, அடியில் வடிகிற மஞ்சள் பாலை முழுதும் வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்று என் மாமியார் எண்ணி எண்ணிக் கழுவுவார். அந்தப் பால் தோலை அரிக்கும். குறிப்புகளில் "கற்றாழை ஜெல் இரண்டு ஸ்பூன்" என்று வருகிறதே தவிர, அந்தக் கழுவல் வருவதேயில்லை. அண்மைக் காலமாக, கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய ஓசூர் ரோஜாக்களைக் காயவைத்து அரைத்து முகத்தில் பூசுகிறார்கள். அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்டு, பூச்சிமருந்து அடிக்கப்பட்ட பூக்கள் அவை. நலங்கு மாவுக்கு உரிய பன்னீர் ரோஜா அதுவல்ல.

எனவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. குறிப்பை வெளியிடும்போது அளவு, பூசிவைக்கும் நேரம், பகலா இரவா என்பது, யார் தவிர்க்க வேண்டும் என்பது ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். புதிய பூச்சு எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரோ தயிரோ சேர்த்துக் குழைத்ததை அன்றைக்கே பயன்படுத்தி முடிக்க வேண்டும், மிச்சத்தில் கிருமி வளரும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். அச்சிடும் முன் தோல் மருத்துவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. "கருமை போக்க" என்ற தலைப்பை மாற்றச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் தருமபுரி வெயிலில் நம் தோலைக் காப்பது அந்தக் கருமைதான் என்பதை என்றைக்காவது அதே பக்கத்தில் எழுதினால் மகிழ்வேன்.

அதுவரை, தங்கள் பக்கத்துத் துண்டோடு வருகிறவர்களுக்குப் பொட்டலத்தின் மேல் "காலையில் பூச வேண்டாம்" என்று பேனாவால் எழுதித் தந்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடை நடத்தும் வாசகி,
தருமபுரி.