இம்பல்ஸுக்கு எந்த கிளட்ச்?

பூம்பாறை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். பூண்டு பிடுங்கிக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. விலை ஏறட்டும் என்று அப்பா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தாண்டிக்குடியில் காப்பி நன்றாகப் பூத்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம்.

சரி, உன் ஹீரோ இம்பல்ஸ் பைக்குக்கு வருவோம். மேடு ஏறத் திணறுகிறது, எந்த கிளட்ச் போடலாம் என்று கேட்டிருந்தாய். மேட்டில் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. புது கிளட்ச் செட் வாங்கும் முன் கிளட்ச் லிவர் நுனியில் ஒரு சென்டிமீட்டராவது பிளே, அதாவது பிடிக்கும் முன் சும்மா ஆடும் இடம், இருக்கிறதா பார். கேபிள் விறைப்பாக நின்றால் புது பிளேட்டும் ஸ்லிப் ஆகும். எஞ்சின் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறி, போட்டிருக்க வேண்டும். ஜீப்புக்கு ஊற்றி மிஞ்சியதை வண்டிக்கு ஊற்றும் ஆள் நீ. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ந்திருக்கும். நம் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிச் சுற்றுவது, பிடி விட்டுவிடும்.

இது இரண்டும் சரியாக இருந்தால் முழு செட்டாகவே மாற்று: கார்க் பிளேட் (உராய்ந்து பிடிப்பது), அதற்கு இடையில் வரும் ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங், கேஸ்கட். எல்லாம் கம்பெனி சரக்காக இருக்கட்டும். கார்க்குக்குப் பதிலாக நீ ஆசைப்படும் கெவ்லர் நார் பிளேட் சூட்டைத் தாங்கும், நாளும் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீ ரேஸா ஓட்டுகிறாய்? பின்னால் மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்கிறாய். அதற்குக் கார்க்தான் மெத்தென்று பிடிக்கும். கடினமான ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் இடது கை மரத்துப் போகும்.

2011-இல் வந்த வண்டி, இப்போது தயாரிப்பிலும் இல்லை. 149.2 சிசி எஞ்சின் ஹீரோவின் இன்னொரு பைக்கான ஹங்க் வகையறாதான் என்பதால் சாமான் கிடைக்காமல் போகாது. அதற்காக “எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்று கடைப் பையன் சொன்னால் தலையாட்டாதே. பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்கு.

பிரித்ததும் முதலில் ஹவுசிங்கை, அதாவது பிளேட்டுகள் உட்காரும் கூடையைப் பார். பிளேட்டின் காதுகள் உட்காரும் பள்ளங்களின் ஓரத்தில் நகத்தை ஓட்டு. படிபடியாகத் தட்டினால் பிளேட் அங்கே சிக்கிக்கொள்கிறது என்று அர்த்தம், நியூட்ரல் விழாமல் படுத்துவதும் அதனால்தான் இருக்கும். லேசான தழும்பு என்றால் அரத்தால் சமமாக இழைத்துவிடலாம். ஆழமாக வெட்டியிருந்தால் ஹவுசிங்கையே மாற்று. அதை விட்டுவிட்டுப் புது பிளேட் போடுவது தண்டச் செலவு. பழைய ஸ்டீல் பிளேட்டுகளையும் ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பார். நீலம் பாய்ந்திருந்தாலோ, ஆடினாலோ சூட்டில் வளைந்தவை.

கார்க் பிளேட்டுகளை முந்தின ராத்திரியே எஞ்சின் ஆயிலில் ஊறப் போடு, காய்ந்தபடி மாட்டினால் கருகிவிடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும்.

குழந்தை வேலப்பர் தேருக்கு வருவாய்தானே? பழைய பிளேட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வா, எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கணும். அப்படியே இரண்டு கிலோ காப்பிக்கொட்டையும், வறுக்காதது.

உன் மச்சான்